மஞ்சள் என்று சொல்பவர்

என் வீட்டுக்காரருக்கு எதிரில் இருக்கிறவர்களின் முகம் வாடக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இதுதான் தலைவலி. பந்தியில் பாயசம் அடிப்பிடித்து நாறினாலும் ‘நல்லா இருக்கே’ என்று இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கிற மனுஷன். அப்படிப்பட்டவர் தேடிப் பிடித்த தொழில் என்ன தெரியுமா? சுடர் பார்ப்பது. சிரிப்பதா அழுவதா என்று நீங்களே சொல்லுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தத் தொழில் தெரியாது. எங்கள் வெள்ளரிவிளையில் உப்பளங்களைத் தூர்த்துவிட்டுப் பேட்டரி ஷெட்டுகள் வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. ஊர் உலகத்தில் ஓடி ஓய்ந்த கார்களின் பேட்டரியெல்லாம் கப்பலில் இங்கே வந்து இறங்கும். அதை உடைத்து உள்ளிருக்கிற பொடியைச் சுரண்டி எடுப்பதுதான் எங்கள் ஆட்களின் வேலை. அந்தப் பொடியில் ஓர் உலோகம் இருக்கிறது. வாயில் நுழையாத பெயர் அதற்கு. இங்கே எல்லோருக்கும் அது ‘பச்சை’. உடம்பில் ஏறிவிட்டால் முதலில் உள்ளங்கால் எரியும், அப்புறம் மரத்துப்போகும், அப்புறம் கால் துவளும். கடைசியில் ஒருநாள் மூச்சு இழுக்க நெஞ்சு ஒத்துழைக்காது.

அதைக் கண்டுபிடிக்க ஓர் அடுப்பு வந்தது. ஒரு சொட்டு எச்சிலைப் பிளாட்டினக் கம்பியில் தொட்டு அந்த அடுப்பின் சுடரில் காட்டினால் போதும். உடம்பில் பச்சை இருந்தால் சுடர் பச்சையாகும். இல்லையென்றால் எச்சிலில் இருக்கிற உப்பு மஞ்சளாக எரியும். ஷெட் வாசலில் வைத்திருந்த அடுப்பு கொஞ்ச நாளிலேயே கல்யாண வீட்டுக்குள் வந்துவிட்டது. பெண்ணைப் பெற்றவர்கள் பயப்பட மாட்டார்களா? இப்போது சுடர் பார்க்காமல் எங்கள் பக்கம் நிச்சயதார்த்தமே கிடையாது. உபதேசியார் ஜெபம் பண்ணி முடித்ததும் சுடர்க்காரர் அடுப்பைப் பற்றவைப்பார். பெண்ணுக்குப் பார்த்து, மாப்பிள்ளைக்கும் பார்த்து, ‘மஞ்சள்’ என்று அவர் சொன்ன பிறகுதான் தட்டு மாற்றுவார்கள். அவர் சொன்னது சொன்னதுதான். மறுபடி பார்க்கச் சொல்வது மரியாதை இல்லை.

‘பச்சை’ என்று சொல்லிவிட்டாலோ, தொலைந்தது. எந்த ஷெட்டிலும் உள்ளே விட மாட்டார்கள். ஷெட் கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். கூடப்பிறந்த பெண்களை யாரும் கேட்டு வர மாட்டார்கள், ‘பச்சை வீடு’ என்று பெயராகிவிடும். ஒரே ஒரு நல்லது உண்டு. சுடர்க்காரர் வாயால் பச்சை என்று சொல்லப்பட்டவனுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பார்கள். கால் துவள்வதற்கு முன்னால் ஆரம்பித்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் சிகாமணி இதுவரை யாருக்கும் பச்சை சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வராது. எல்லோரும் ஒரு கல் உப்பை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டுதான் வந்து உட்காருவார்கள். உப்பின் மஞ்சள் அப்படியொரு மஞ்சள், அதற்கு அடியில் என்ன நிறம் இருந்தாலும் அமுக்கிவிடும். ஷெட் வாசலிலும் இதே வேலைதான். ஊருக்கே தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இவருக்கு அது வசதியாகப் போயிற்று. பெட்டி தூக்கிக்கொண்டு கூடப் போகிற எனக்குத்தான் வயிறு எரியும்.

அன்றைக்கு ஆராதனை முடிந்து நேராக ரூத் அக்கா வீட்டுக்குப் போனோம். அவள் மகள் எப்சிபாவுக்கு நிச்சயம். டவுனில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண், கொஞ்சம் அழுத்தக்காரி. மாப்பிள்ளை ஜெபசிங், கிருபை மதினியின் ஒரே மகன். உடைக்கிற ஷெட்டில்தான் வேலை. அந்த ஷெட்டின் மேஸ்திரி பொன்னையா அவனுக்குத் தாய்மாமா. பந்தல், நாற்காலி, பிரியாணி வாசனை என்று வீடு களைகட்டியிருந்தது.

எப்சிபாவுக்குப் பார்த்து மஞ்சள் சொல்லியாயிற்று. அடுத்து ஜெபசிங் வந்து அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தான். கிருபை மதினி அவன் வாயைத் துடைத்துவிடுகிற மாதிரி உப்பை உள்ளே தள்ளியதை நான் பார்த்தேன். சிறுபிள்ளைக்கு மாத்திரை கொடுப்பது போல அவ்வளவு பழக்கமாகச் செய்தாள். அவனும் மறுக்கவில்லை. கிண்ணத்தில் துப்பினான். என் வீட்டுக்காரர் கம்பியைத் தொட்டுச் சுடரில் நீட்டினார். குப்பென்று மஞ்சள்.

“ம…” என்று அவர் ஆரம்பித்தார்.

“ஒரு நிமிஷம் சித்தப்பா,” என்றாள் எப்சிபா. “நீலக் கண்ணாடி வச்சுப் பாருங்க.”

கை தட்டத் தயாராக இருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

“அது என்னம்மா புதுப் பழக்கம்?” என்றார் பொன்னையா மேஸ்திரி. சிரித்துக்கொண்டேதான் கேட்டார், ஆனால் சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

“புதுசு ஒண்ணும் இல்ல. அடுப்போட சேந்து வர்ற கண்ணாடிதான். உப்போட மஞ்சளை அது மறைச்சிரும். மஞ்சள் ஒரு பொட்டுகூடத் தெரியாது. மிச்சம் உடம்புல என்ன இருக்கோ அது மட்டும் தெரியும். நல்ல உடம்புன்னா வெளிறுன ஊதா. பச்சைன்னா நீலம் கலந்த பச்சை.”

“உப்பா? யாரு உப்பு போட்டா? எம் மகன் வாயில உப்பு இருக்குன்னு சொல்லுதியா?” கிருபை மதினி எழுந்துவிட்டாள்.

“நான் யாரையும் சொல்லல அத்தை. சுடர் விஷயத்துல பொண்ணு வீடு என்ன கேட்டாலும் செய்யணும். அதுதான வழக்கம்?”

வழக்கம் அதுதான். ரூத் அக்கா மகளை முறைத்தாள். நான் பெட்டியைத் திறந்து அடியில் கிடந்த கண்ணாடியை எடுத்தேன். வாங்கிய நாளில் சுற்றிவந்த காகிதம்கூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. பிரித்து முந்தானையில் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. நல்லா மாட்டினாரா இன்றைக்கு என்று நினைத்தேன்.

கம்பியை ஆசிட்டில் கழுவி மறுபடி தொட்டு நீட்டினார். கண்ணாடியைக் கண்ணருகில் பிடித்துக் குனிந்தார். கண்ணாடி வழியாகப் பார்க்கிற உரிமை சுடர்க்காரருக்கு மட்டும்தான். நாங்கள் எல்லோரும் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கிருபை மதினி கைகளைக் கோத்துக்கொண்டு முணுமுணுவென்று ஜெபம் பண்ணினாள். மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார். ஒருமுறை இல்லை, இரண்டு மூன்று முறை.

அவர் நிமிர்ந்தார். கிருபை மதினியின் முகத்தைப் பார்த்தார். அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“ஊதாதான்,” என்றார். “நல்ல ஊதா. குறையே இல்ல.”

பொய் சொல்லும்போது இவர் குரலில் சர்க்கரை ஏறும். என் சமையலைப் புகழ்கிற அதே குரல்.

வீடே கலகலவென்றாகிவிட்டது. யாரோ ஸ்தோத்திரம் என்று கத்தினார்கள். கிருபை மதினி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். எந்த மாப்பிள்ளைக்கும் அந்த நேரத்தில் முகம் மலர வேண்டும் இல்லையா? இவனுக்கு இருந்த ரத்தமும் வடிந்துவிட்டது. எப்சிபா அவனையே பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எழுந்து கொல்லைப்பக்கம் போனான். நான் கிண்ணத்தையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தான். ஒரு கால் செருப்பு பாதி வழியிலேயே கழன்று கிடந்தது. அவன் கவனிக்கவே இல்லை. உச்சி வெயிலில் கொதிக்கிற சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றான். நான் செருப்பை எடுத்து அவன் காலருகே போட்டேன். அப்போதுதான் குனிந்து பார்த்தான்.

“எத்தனை நாளா இப்படி?” என்றேன்.

“கொஞ்ச நாளாவே எரிஞ்சிச்சு அத்தை. இப்ப எரியக்கூட இல்ல.”

“தெரிஞ்சுமா வந்து உக்காந்த? உனக்குக் கூறு இருக்கா இல்லையா? அந்தப் புள்ள வாழ்க்கை என்னாகும்?”

“அவளைக் கண்ணாடி கேக்கச் சொன்னதே நான்தான்.”

நான் குழாயைத் திருகி மூடினேன்.

“ஒருநாள் மருந்துக்கடையில போயி கால் எரிச்சலுக்குக் களிம்பு கேட்டேன் அத்தை. அவதான் கண்டுபிடிச்சா. மருந்து வேணும்னா முதல்ல பச்சைன்னு சொல்ல வைக்கணும்னா. நானா போயி ஷெட்டு வாசல்ல கண்ணாடி வையுங்கன்னு கேட்டேன்னு வையுங்க, எங்க ஷெட்டு மொத்தத்துக்கும் கண்ணாடி வைப்பாவ. அத்தனை பேரு வேலையும் போகும். மாமா என்னை வெட்டிப் போட்ருவாரு. காட்டிக்குடுத்த பயலோட அம்மான்னு எங்கம்மா தெருவுல நடக்க முடியாது. பொண்ணு வீட்டுல கேட்டு வந்த பச்சைன்னா என் தலையெழுத்தோட முடிஞ்சிரும்.” கொஞ்சம் நிறுத்தினான். “அதுக்காகத்தான் இந்த நிச்சயமே. அவ சும்மா சரின்னு சொல்லிட்டு வந்து உக்காந்திருக்கா. கல்யாணம் எல்லாம் நாங்க பேசவே இல்ல.”

“எங்க வீட்டுக்காரர்கிட்ட நேரா வந்து சொல்லிருக்கலாமேய்யா.”

“அவரு யார் மனசையும் நோகடிக்க மாட்டாருன்னு ஊருக்கே தெரியும். கண்ணாடி வழியாப் பாத்துட்டா பொய் சொல்ல வராதுன்னு நெனச்சோம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. கிண்ணத்தையும் கம்பியையும் கையில் பிடித்தபடியே விடுவிடுவென்று உள்ளே போனேன். தட்டைக் கையில் எடுத்துவிட்டிருந்தார்கள்.

“தட்டைக் கீழ வையுங்க,” என்றேன். “இவரு சொன்னது பொய்.”

“ஏட்டி புஷ்பம்!” என்றார் என் வீட்டுக்காரர்.

“என்ன ஏட்டி? நெஞ்சுல கைய வச்சு சொல்லுங்க, நீங்க பாத்தது ஊதாவா?”

மேஸ்திரி முன்னால் வந்தார். “இந்தா பாரும்மா. பெட்டி தூக்கிட்டு வந்தா தூக்கிட்டு வந்த வேலையப் பாரு. சுடர்க்காரர் வாய் ஒருதரம்தான் சொல்லும். அவரு சொல்லியாச்சு.”

“மேஸ்திரி அண்ணாச்சி, உங்க மருமவன் கொதிக்கிற தரையில வெறுங்காலோட நிக்கான். சுடுதுன்னு அவனுக்குத் தெரியல. போயிப் பாருங்க.” நான் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். “உங்களுக்கு இவிய முகம் வாடக் கூடாது. அந்தப் பய மூச்சு நின்னு போகலாமா? அன்னைக்கும் போயி, நல்லா இருக்கான்னு சொல்லிட்டுக் காப்பி குடிச்சிட்டு வருவியளா?”

ஜெபசிங் வாசலில் வந்து நின்றான். அவரையே பார்த்தான்.

“பச்சை,” என்றார் அவர். சத்தமே வரவில்லை. எப்சிபா, “நல்லா சொல்லுங்க சித்தப்பா,” என்றாள். “பச்சை,” என்று மறுபடி சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கிருபை மதினி மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “நீ நல்லா இருப்பியாட்டி, எம் பிள்ளை வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே,” என்று என்னைப் பார்த்துக் கதறினாள். என்னைத்தான் சொன்னாள், அவரை இல்லை. போகட்டும்.

எப்சிபா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். “சித்தப்பா, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு உங்க வாயால சொல்லுங்க. இப்பவே.” அவர் போன் போட்டார். பெயரும் நிறமும் சொல்வதற்குள் குரல் மூன்று தடவை உடைந்தது.

மேஸ்திரி ஜெபசிங்கின் கையைப் பிடித்தார். “ஏல, போகாத. நீ இப்படி போனன்னா நாளைக்கு எவ கல்யாணத்துலயும் கண்ணாடி கேப்பாளுவ. அப்புறம் ஷெட்டுக்கும் கண்ணாடி வரும். முதலாளி ஷெட்டை மூடிட்டு வேற ஊருக்குப் போயிருவான். அத்தனை குடும்பம்ல!”

“வரட்டும் மாமா,” என்றான் அவன். “நீங்களும் ஒருதடவை பாத்துக்கிடுங்க.”

ஸ்கூட்டர் தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டது. ரூத் அக்கா, மகளைப் போகாதே என்று சொல்லவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. திரும்பி என் வீட்டுக்காரரிடம் வந்தாள்.

“என் கல்யாணத்துக்கும் நீரு தான பாத்தீரு?”

அவர் தலையசைத்தார்.

“எங்க பிளெஸிக்கு?” என்று இன்னொருத்தி கேட்டாள். “எங்க ராஜாசிங்குக்கு?” என்றாள் மூன்றாமவள். பந்தலில் இருந்த முக்கால்வாசிப் பேர் இவர் மஞ்சள் சொல்லி வாழ்க்கைப்பட்டவர்கள்.

ரூத் அக்கா தன் புருஷன் கையைப் பிடித்து இழுத்துவந்து அடுப்புக்கு எதிரில் உட்காரவைத்தாள். அவர் கிண்ணத்தில் துப்பினார். என் வீட்டுக்காரர் கண்ணாடியை எடுத்தார்.

“பச்சை,” என்றார்.

அடுத்து ஒருவன் வந்தான். பச்சை. அவனுக்கு அடுத்தவன் வந்தான். யாரும் வரிசை போடச் சொல்லவில்லை, ஆனாலும் வரிசையாகத்தான் வந்தார்கள். இப்போது இவருக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. பச்சை, பச்சை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரே ஒருத்தனுக்கு ஊதா வந்தது, அவன் போன வாரம்தான் ஷெட்டில் சேர்ந்தவன். அவனைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட்டார்களா பரிதாபப்பட்டார்களா என்று தெரியவில்லை. கடைசியில் பொன்னையா மேஸ்திரி தானாக வந்து உட்கார்ந்தார். பச்சை என்று கேட்டதும், “தெரியும்வே,” என்று எழுந்து போனார்.

ரூத் அக்காவும் துப்பினாள். “நீங்க எதுக்குக்கா? நீங்க ஷெட்டுக்குள்ளயே போனதில்லையே,” என்றேன். “அவரு சட்டையை யாரு துவைச்சா?” என்றாள். அவளுக்கும் பச்சை.

சாயங்காலத்துக்குள் வீடு காலியாகிவிட்டது. பிரியாணியை யாரும் தொடவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எப்சிபா போன் பண்ணினாள். மருந்து ஆரம்பித்துவிட்டார்களாம். நெஞ்சு வரை ஏறவில்லை, உயிருக்குப் பயமில்லை, கால் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்களாம். இத்தனை பேருக்குப் பச்சை என்று நான் சொன்னதும், “அவ்வளவு மருந்து இங்க இல்லையே சித்தி,” என்றாள்.

போனை வைத்தேன். என் வீட்டுக்காரர் அடுப்பை அணைக்கப் போனார்.

“அணைக்காதிய,” என்றேன். “எனக்கும் பாருங்க.”

“உனக்கு என்னத்துக்கு? நம்ம வீட்டுல யாரு ஷெட்டுக்குப் போறா?”

“தெருவுல பறக்கிற பொடி வீடு பாத்தா பறக்குது? பாருங்க.”

கிண்ணத்தில் துப்பிக் கம்பியை நானே தொட்டு அவர் கையில் கொடுத்தேன். நாக்குக்கு அடியில் ஒரு கல் உப்புகூட இல்லை. அவர் கம்பியைச் சுடரில் நீட்டிக் கண்ணாடியைத் தூக்கினார். குனிந்தவர் நிமிரவே இல்லை. சுடர் எரிந்து ஓய்ந்த பிறகும் அப்படியே குனிந்திருந்தார்.

“என்னங்க?”

“மஞ்சள்தான் புள்ள,” என்றார். “நல்ல மஞ்சள்.”

அந்தக் கண்ணாடி வழியாக எந்தப் பிறவிக்கும் மஞ்சள் தெரியாது.

“கண்ணாடியை எடுத்துட்டு என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க,” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. “நீங்க சொன்னாதான் எனக்கு மருந்து. ஒரே ஒரு தடவை சரியாச் சொல்லுங்க. நான் அழ மாட்டேன்.”

அவர் கண்ணாடியை இறக்கினார். என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“மஞ்சள்,” என்றார்.